மணவிலக்கும் மனைவியின் உடைமையும்: அண்ணல் அம்பேத்கர் வாழ்வில் ஓர் அத்தியாயம்

நம் சமுதாயத்தார் வாழும் தெருக்களில் அண்ணல் அம்பேத்கரின் திருவுருவப் படம் இல்லாத இல்லத்தைக் காண்பது அரிது. அரசியலமைப்புச் சட்டத்தை வகுத்த மேதை என்றும், தீண்டாமையை எதிர்த்துப் போராடிய தலைவர் என்றும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் அவரைப் பற்றி ஒப்புவிப்பர். ஆயின், அவர் மத்திய அமைச்சர் பதவியைத் துறந்து வெளியேறியதற்கு என்ன காரணம் என்று கேட்டால், மேல்வகுப்பு மாணவர்களே விழிக்கின்றனர். காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, கணவனை விட்டுப் பிரியும் ஒரு பெண்ணின் கையில் என்ன இருக்க வேண்டும் என்ற கேள்வி. தம் சாதிக்கு மட்டும் உரியதல்லாத ஒரு வழக்கிற்காக அவர் பதவியை இழந்தார் என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதியே இக்கட்டுரையை வரைகின்றேன்.

அவருடைய இளமை வரலாறு பலராலும் எழுதப்பட்டிருப்பதால் அதனைச் சுருக்கமாகவே கூறுவேன். 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவிலுள்ள மாவ் என்னும் படை நகரில், இராணுவப் பள்ளியில் ஆசிரியராயிருந்த ராம்ஜி சக்பாலுக்கும் பீமாபாய்க்கும் பதினான்காவது மகவாகப் பிறந்தார். தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். அத்தை மீராபாய் வளர்த்தார். 1906ஆம் ஆண்டில், பதினைந்து வயதளவில், தம்மினும் இளையவரான ராமாபாயை மணந்தார். 1912இல் பம்பாயில் பி.ஏ. பட்டம் பெற்று, பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித் தொகையால் 1913இல் அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். பின்னர் இலண்டனில் பொருளாதாரமும் சட்டமும் கற்றுப் பாரிஸ்டர் ஆனார்.

கணவர் கடல் கடந்து கற்ற ஆண்டுகளில் ராமாபாய் பம்பாயில் வறுமையோடு போராடினார். சாணத்தை வறட்டி தட்டி விற்றுக் குடும்பத்தை நடத்தினார் என்பர். பெற்ற மக்கள் ஐவருள் நால்வரை இளமையிலேயே பறிகொடுத்தார். 1935 மே 27ஆம் நாள் அவ்வம்மையார் காலமானார். பாகிஸ்தானைப் பற்றித் தாம் எழுதிய நூலை அம்மையாரின் நினைவுக்கே அண்ணல் காணிக்கையாக்கினார். ஒரு மனிதன் பெறும் பட்டத்திலும் பதவியிலும் வீட்டிலிருந்து உழைத்தவளுக்குப் பங்கு உண்டா, இல்லையா? சட்டம் இக்கேள்வியை வெகுகாலம் கேட்கவே இல்லை. அண்ணலோ அதனைத் தம் இல்லத்திலேயே கண்டவர்.

பெண்ணின் நிலையைப் பற்றி அவர் சிந்திக்கத் தொடங்கியது அமைச்சரான பிறகன்று. 1916 மே மாதம், கொலம்பியாவில் மாணவராயிருந்தபோதே, இந்தியச் சாதிகளைப் பற்றி ஓர் ஆய்வுரை படித்தார். சாதியின் உயிர்நிலை அகமணமே என்பது அவர் கண்ட முடிவு. சாதிக்குள்ளேயே மணம் நிகழ வேண்டுமாயின், கணவனை இழந்த பெண்ணும், மனைவியை இழந்த ஆணும் சாதியின் கணக்கைக் குலைக்கின்றனர். அக்கணக்கைச் சரி செய்யவே உடன்கட்டையும், கைம்மைக் கொடுமையும், குழந்தை மணமும் ஏற்பட்டன என்று காட்டினார். பெண்ணைக் கட்டி வைத்தாலன்றிச் சாதியைக் கட்டிக் காக்க இயலாது என்பது அதன் உட்பொருள். இருபத்தைந்து வயதில் கண்ட இவ்வுண்மையை அவர் இறுதிவரை கைவிடவில்லை.

1927 டிசம்பர் 25ஆம் நாள் மகாட் நகரில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. தீண்டாமையை எதிர்க்கும் மாநாட்டில் அந்நூலை ஏன் எரிக்க வேண்டும் என்று வினவுவோர் இன்றும் உளர். பொருளுரிமையை நோக்கினால் விடை கிடைக்கும். சூத்திரன் செல்வம் சேர்க்கலாகாது என்று விதிப்பது அந்நூல். மனைவியும் மகனும் அடிமையும் பொருளுக்கு உரியவர் அல்லர், அவர்கள் ஈட்டுவது அவர்களை உடையவனையே சாரும் என்று விதிப்பதும் அந்நூலே. நம் பாட்டனார் நிலம் வாங்க முடியாமற் போனதற்கும், மேல்சாதி வீட்டுப் பெண்ணொருத்தி தன் பெயரில் ஒரு காணி நிலம் இல்லாமல் இருந்ததற்கும் மூலம் ஒன்றே.

அக்காலத்து இந்துச் சட்டம் எவ்வாறிருந்தது என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். இல்லையேல் அண்ணல் செய்ததன் பெருமை விளங்காது. திருமணம் என்பது சடங்கால் ஆகிய புனிதப் பிணைப்பு. ஆகவே அதனை அறுக்க வழியில்லை என்பது சாத்திரம். ஆனால், இவ்வழியின்மை பெண்ணுக்கு மட்டுமே. ஆடவன் எத்தனை பெண்களை வேண்டுமாயினும் மணக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. முதல் மனைவி மூலையில் கிடக்கலாம். அல்லது தாய் வீட்டுக்குத் திரும்பலாம். திரும்பினாலும் அவள் மனைவியே. மறுமணம் செய்ய இயலாது.

சொத்தில் மிதாட்சர முறைப்படி, ஆண்மகன் பிறந்த அன்றே குடும்பச் சொத்தில் பங்காளி ஆகிறான். பெண் பிறந்தால் அவளுக்கு உண்டி, உடை, திருமணச் செலவு என்பதோடு சரி. கைம்பெண்ணுக்கு 1937ஆம் ஆண்டுச் சட்டம் கணவனின் பங்கை அளித்தது. ஆயினும் அது ஆயுள்கால அனுபவமேயன்றி முழு உரிமையன்று. அவள் அதனை உழுது உண்ணலாம். தக்க அவசியம் இன்றி விற்க முடியாது. அவள் மறைந்தால் அது கணவன் வழி வாரிசுகளுக்கே மீளும். ஸ்திரீதனம் என்ற பெயரில் நகையும் பாத்திரமும் அவளுடையனவாகச் சாத்திரம் கூறிற்று. நடைமுறையில் அவை மாமியாரின் பெட்டியிலோ, அடகுக் கடையிலோ இருந்தன.

இங்கே நம் சமுதாயத்தைப் பற்றி ஒரு சொல். மணவிலக்கு நமக்குப் புதியதன்று. ஒத்து வராத கணவனையும் மனைவியையும் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பிரித்து விடுவதும், பிரிந்தவள் வேறொருவனை மணப்பதும் நம் மக்களிடையே தொன்றுதொட்டு உள்ள வழக்கம். இதன் பொருட்டே அறுத்துக் கட்டுகிற சாதி என்று நம்மை இழித்துரைத்தனர். அவர்கள் இழிவாகக் கருதிய அவ்வழக்கம் மனிதத்தன்மை மிக்கது என்பது என் துணிபு. ஆனால் அதிலும் ஒரு பெருங்குறை இருந்தது. பெண் வேண்டாமென்று விலகினால், பரிசப் பணத்தையும் திருமணச் செலவையும் அவள் வீட்டார் திருப்பித் தரவேண்டும் என்று பல ஊர்ப் பஞ்சாயத்துகள் தீர்த்தன. கணவன் வேண்டாமென்று தள்ளினால், அவளுக்கு அவன் கொடுக்க வேண்டியது என்ன என்ற பேச்சே பெரும்பாலும் எழாது. கட்டிய சேலையோடும், இடுப்பில் ஒரு பிள்ளையோடும் அவள் தாய் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். மேல்சாதிப் பெண்ணுக்குப் போக வழி இல்லை. நம் பெண்ணுக்கு வழி உண்டு, வழிச்செலவு இல்லை.

தலைமையாசிரியன் என்ற முறையில் நான் இதனை ஆண்டுதோறும் கண்டு வருகின்றேன். கல்வியாண்டின் நடுவில், மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும் தாய்மாருள் சிலர் தந்தையின் கையொப்பம் வாங்க இயலாதவர்கள். வீட்டிலிருந்து எடுத்து வந்தது என்ன என்று கேட்டால், பிள்ளையின் புத்தகப் பையைக் காட்டுவர்.

அத்தகைய பெண்களின் குரல் அகில இந்திய அளவில் எழுந்த இடம் நாகபுரி. 1942 ஜூலை 20ஆம் நாள், ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்களின் மாநாடு அந்நகரில் கூடியது. சுலோசனாபாய் டோங்ரே என்னும் அம்மையார் தலைமை வகித்தார். கணவனை மணவிலக்குச் செய்யும் உரிமை பெண்ணுக்குச் சட்டப்படி வேண்டும் என்றும், ஒருவன் பல மனைவியரை மணக்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் அம்மாநாடு தீர்மானம் இயற்றியது. அண்ணல் அங்கு வந்து பேசினார். பெண்களின் முன்னேற்றத்தைக் கொண்டே ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தைத் தாம் அளப்பதாகவும், பெண் தன் கணவனுக்கு அடிமையாக அன்றித் தோழியாகவும் நிகரானவளாகவும் நிற்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். தில்லியில் சட்டம் வருவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், எழுத்தறிவு பெறாத நம் தாய்மார் பலர் கூடியிருந்து அச்சட்டத்தைக் கேட்டனர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இந்துச் சட்டத் திருத்தம் படித்த மேல்குடிப் பெண்களின் விருப்பமே என்று எழுதுவோர் இத்தீர்மானத்தை மறந்து விடுகின்றனர்.

அரசாங்க அளவில் இப்பணி 1941இல் தொடங்கியிருந்தது. பி. என். ராவ் தலைமையில் அமைந்த குழு, 1944இல் மீண்டும் அமைக்கப்பெற்று, சென்னை உள்ளிட்ட நகரங்களில் சாட்சியம் கேட்டு, ஒரு சட்ட வரைவை உருவாக்கியது. 1947 ஏப்ரலில் அது மத்திய சட்டசபையில் அறிமுகமாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றது. அண்ணல் முதற் சட்ட அமைச்சர் ஆனார். 1948 ஏப்ரல் 9ஆம் நாள் அம்மசோதாவைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பும் தீர்மானத்தை அவர் முன்மொழிந்தார். ஒரு கையில் அரசியலமைப்புச் சட்டம், மறு கையில் இந்துச் சட்டத் தொகுப்பு என இரண்டு பெருஞ்சுமைகளை ஒரே காலத்தில் தாங்கினார். நீரிழிவு நோயோ உடலை வாட்டிற்று. அம்முன்மொழிவுக்கு ஆறு நாட்களுக்குப் பின், ஏப்ரல் 15ஆம் நாள், டாக்டர் சாரதா கபீர் அம்மையாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்.

மசோதா ஏழு பொருள்களைத் தழுவியது: வாரிசு முறை, பெண்ணின் சொத்து, பராமரிப்பு, திருமணம், மணவிலக்கு, தத்து, இளையோர் காப்பு. இவற்றைத் தனித்தனியே பிரித்துப் படித்தால் அதன் பொருள் முழுதும் விளங்காது. ஒரு பெண் மணவாழ்விலிருந்து வெளியேறுகிறாள் என்று வைத்துக்கொண்டு, அவள் கண்களால் படிக்க வேண்டும்.

முதலில், வெளியேறுவதற்கு வாயில் வேண்டும். கணவன் கைவிட்டான், வேறு மதம் புகுந்தான், வைப்பாட்டி வைத்தான், தீராத மனநோயோ கொடிய தொற்று நோயோ உற்றான், கொடுமை செய்தான் என்னும் காரணங்களால் மணவிலக்குப் பெறலாம் என்று மசோதா கூறிற்று. ஒருவனுக்கு ஒருத்தியே என்பதும் விதியாயிற்று. வாயிலைக் கடந்தவள் மறுநாள் எதை உண்பாள் என்பது அடுத்த கேள்வி. இதற்கு மூன்று ஏற்பாடுகள் இருந்தன. திருமணத்தின்போது சீதனமாகக் கொடுக்கப்பட்ட பொருள் அப்பெண்ணுக்கான நம்பகச் சொத்தாகக் கருதப்படும். அவள் 18 வயது எய்தியதும் அதனைக் கேட்டுப் பெறலாம். கணவனுக்கும் அவன் உறவினர்க்கும் அதில் உரிமை இல்லை. மகள் தந்தையின் சொத்தில் பங்கு பெறுவாள். முதல் வரைவில் மகனுக்குரியதில் பாதியாயிருந்த அப்பங்கைத் தெரிவுக் குழு மகனுக்குச் சமமாக உயர்த்திற்று. அவ்வாறு பெறும் எதுவும் ஆயுள்கால அனுபவமாக அன்றி, விற்கவும் எழுதி வைக்கவும் உரிய முழுச் சொத்தாகும். மூன்றாவது, தக்க காரணத்தோடு பிரிந்து வாழும் மனைவிக்குக் கணவன் தர வேண்டிய ஜீவனாம்சம்.

தன்னுடையது, பிறந்த வீட்டுப் பங்கு, கணவன் தர வேண்டியது என்ற இம்மூன்றும் சேர்ந்தால்தான் மணவிலக்கு என்பது விடுதலையாகும். இவற்றை நீக்கிவிட்டு மணவிலக்கை மட்டும் கொடுத்தால், அது நடுத்தெருவுக்கு வழிகாட்டுவதே ஆகும். நம் பஞ்சாயத்து வழக்கத்தில் இருந்த அதே குறையை நாடு முழுமைக்கும் பரப்பியதாக முடிந்திருக்கும்.

எதிர்ப்பு புயலெனக் கிளம்பியது. சாமியார்களும் சனாதனிகளும் தில்லியில் கூட்டங்கள் கூட்டினர், ஊர்வலங்கள் நடத்தினர். மசோதாவைக் கொண்டு வந்தவரின் பிறப்பைச் சுட்டி இழித்தவர்களும் உண்டு. சபைக்குள்ளும் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர்களே முட்டுக்கட்டை இட்டனர். குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத்தும் இம்மசோதாவை விரும்பவில்லை. மணவிலக்கு குடும்பத்தைக் குலைக்கும், மகளுக்குப் பங்கு கொடுத்தால் அண்ணன் தங்கை உறவு கெடும், மருமகன் வந்து நிலத்தைத் துண்டாடுவான் என்றெல்லாம் முழங்கினர். கவனித்தால், சமயத்தின் பெயரால் பேசப்பட்டவற்றுள் பெரும்பகுதி நிலத்தைப் பற்றியதே. துர்க்காபாய், ஹன்சா மேத்தா, ரேணுகா ராய் முதலிய பெண் உறுப்பினர்கள் சீர்திருத்தத்தின் பக்கம் உறுதியாக நின்றனர்.

அண்ணல் அளித்த விடைகளுள் ஒன்று நமக்கு மிக நெருக்கமானது. இந்துக்களுள் பெரும்பான்மையோர், நூற்றுக்குத் தொண்ணூறு பேர், சூத்திரர் எனப்படுவோர். அவர்களிடையே மணவிலக்கு வழக்கத்தில் உள்ளது. அவ்வாறிருக்க, எஞ்சிய பத்துப் பேரின் வழக்கத்தை இந்துச் சட்டம் என்று கூறித் தொண்ணூறு பேர் மேல் சுமத்துவது எவ்வகையில் நியாயம் என்று வினவினார். அறுத்துக் கட்டுகிறவர் என்று பழிக்கப்பட்ட மக்களின் வழக்கத்தை, நாட்டின் உயர்ந்த மன்றத்தில், வெட்கத்தோடு அன்றி வாதமாகவே எடுத்து வைத்தார். அவர் கல்விக்கு உதவிய பரோடா சமஸ்தானம் 1931இலேயே இந்துக்களுக்கு மணவிலக்குச் சட்டம் இயற்றியிருந்தது. பம்பாய் மாகாணம் 1947இலும், நம் சென்னை மாகாணம் 1949இலும் அவ்வாறே செய்தன. ஆகவே இல்லாத ஒன்றை அவர் புகுத்தினார் என்பது பொய்.

1949 முழுதும் விவாதம் நீண்டது. 1951 பிப்ரவரியில் மீண்டும் தொடங்கிற்று. செப்டம்பரில் மீண்டும் எடுக்கப்பட்டது. முதற் பொதுத் தேர்தல் நெருங்கிய நேரம் அது. முழு மசோதாவும் நிறைவேறக் காலம் போதாது, திருமணம், மணவிலக்கு ஆகிய பகுதியை மட்டும் தனியே எடுத்துக்கொள்ளலாம் என்று பிரதமர் நேரு யோசனை கூறினார். சொத்துப் பகுதியை விட்டுவிட்டு மணவிலக்குப் பகுதியை மட்டும் பெறுவது அண்ணலின் திட்டத்துக்கு மாறானது. எனினும், முழுதும் அழியும் வேளையில் பாதியையேனும் காப்பது அறிவுடைமை என்று எண்ணி இசைந்தார். அப்பாதியும் பிழைக்கவில்லை. நான்கு விதிகள் நிறைவேறிய அளவில் மசோதா கைவிடப்பட்டது. உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தும் கொறடா ஆணையும் பிறப்பிக்கப்படவில்லை. அரசியலமைப்பைத் தந்த அதே சபை, ஒரு பெண்ணுக்குச் சீதனத்தை உறுதி செய்ய மறுத்தது.

1951 செப்டம்பர் 27ஆம் நாள் அண்ணல் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். பட்டியல் சாதியினரின் பாதுகாப்பில் அரசின் அசட்டை, பிற்பட்ட வகுப்பினருக்கான ஆணையம் அமைக்கப்படாமை, வெளிநாட்டுக் கொள்கை, அமைச்சரவைக் குழுக்களில் தமக்கு இடமின்மை எனப் பல காரணங்களை அவர் தெரிவித்தார். இந்துச் சட்ட மசோதா கைவிடப்பட்டதே இறுதியாக அவரை வெளியேறச் செய்தது. அக்டோபர் 11ஆம் நாள் சபையில் விளக்க அறிக்கை படிக்க எழுந்தபோது, அதன் படியை முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்று தடை கூறப்பட்டது. அதனை ஏற்காமல் வெளிநடப்புச் செய்து, அறிக்கையைப் பத்திரிகைகளுக்கு அளித்தார். வகுப்புக்கு வகுப்பும், ஆணுக்குப் பெண்ணும் தாழ்ந்து கிடக்கும் நிலையை மாற்றாமல், பொருளாதாரச் சட்டங்களை மட்டும் இயற்றிக்கொண்டிருப்பது குப்பை மேட்டின் மேல் அரண்மனை எழுப்புவதற்கு ஒப்பாகும் என்னும் கருத்தை அவ்வறிக்கையில் வற்புறுத்தியிருந்தார்.

1952 தேர்தலில் பம்பாயில் தோற்றார். இராஜ்ய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோல்வியே. பெண்களுக்கு மணவிலக்கும் சொத்தும் வேண்டும் என்று வாதாடியவருக்கு அக்கால அரசியல் அளித்த பரிசு இது.

தேர்தலில் வென்ற நேரு, அம்மசோதாவைத் துண்டு துண்டாகப் பிரித்து நிறைவேற்றினார். 1955 மே மாதம் இந்து திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1956 ஜூன் மாதம் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதன் 14ஆம் பிரிவு, பெண்ணிடம் உள்ள சொத்தை முழு உரிமையாக்கியது. ஆனால், பிறப்பால் ஆணுக்கு மட்டும் பங்கு தரும் மிதாட்சர முறையை ஒழிக்க வேண்டும் என்று அண்ணலின் மசோதா கூறியதை இச்சட்டம் ஏற்கவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அவர் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6ஆம் நாள் தில்லியில் உயிர் நீத்தார். மசோதாவின் எஞ்சிய பகுதியான இந்து தத்து மற்றும் பராமரிப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது டிசம்பர் 21ஆம் நாள். பதினைந்து நாட்கள் அவர் வாழ்ந்திருப்பின், தாம் தொடங்கிய பணியின் கடைசித் துண்டும் சட்டமானதைக் கண்டிருப்பார்.

அவர் விதைத்தது இன்று எவ்வளவு விளைந்துள்ளது என்பதையும் நம் உறுப்பினர்கள் அறிந்திருத்தல் வேண்டும். வழக்கு நடக்கும் காலத்திலேயே இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கத் திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவு வழி செய்கிறது. 25ஆம் பிரிவு நிரந்தர ஜீவனாம்சம் பற்றியது. மாதத் தொகையாகவோ மொத்தமாகவோ நீதிமன்றம் விதிக்கலாம். கொடுக்க வேண்டியவரின் அசையாச் சொத்தின் மீது அதனைப் பொறுப்பாகவும் ஏற்றலாம். நிலைமை மாறினால் தொகையை மாற்றலாம். திருமணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருள்களைப் பங்கிடுவது 27ஆம் பிரிவு. ஸ்திரீதனம் மனைவிக்கே முழு உரிமை, கணவன் வீட்டார் அதனைக் காத்து வைத்திருப்பவரே என்று உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. ஜீவனாம்சத்துக்கு ஈடாக ஒரு பெண்ணின் அனுபவத்தில் விடப்பட்ட நிலம் அவளுடைய முழுச் சொத்தே என்பது 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பு. இரு தரப்பாரும் தம் வருவாயையும் சொத்தையும் உறுதிமொழிப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்று 2020இல் அதே மன்றம் ஆணையிட்டது. கூலி இல்லை, வேலை இல்லை என்று கையை விரிக்கும் கணவன்மார்க்கு இது நல்ல மருந்து. குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை என்பது தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுவதும் 2005இலும் சட்டமாயிற்று. கிறித்தவ மதத்தைச் சார்ந்த நம் உறவினர்க்கு 1869ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டம் உண்டு. அதிலும் கணவன் மனைவி இருவருக்கும் சம காரணங்கள் 2001இல்தான் வந்தன.

மணவிலக்கு நம் ஊர்வழக்கப்படி நடப்பதைச் சட்டம் இன்றும் தடுக்கவில்லை. அவ்வழக்கம் இருப்பதை மெய்ப்பிக்க வேண்டும் என்பதே விதி. எனவே ஊர்க்கூட்டத்தில் எழுதப்படும் தீர்வுப் பத்திரத்தில், எவ்விதப் பாத்தியதையும் இல்லை என்ற வரியை நம் பெண்களிடம் கைரேகை வாங்கும் வழக்கத்தைப் பெரியவர்கள் கைவிட வேண்டும். படிக்கத் தெரிந்த இளைஞர்கள் அவ்விடத்தில் இருந்து அப்பத்திரத்தை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். நம்மிடம் பங்கிட என்ன இருக்கிறது என்று சிலர் நகைப்பர். அரசு கொடுத்த மூன்று செண்டு மனை, அதில் கட்டிய ஓட்டு வீடு, ஒரு கறவை மாடு, அடகிலிருக்கும் தோடு, சுய உதவிக் குழுவில் மனைவி பெயரில் வாங்கிக் கணவன் செலவழித்த கடன் ஆகியவையே நம் சொத்து. அற்பம் என்று தோன்றும் இவற்றைத்தான் ஒரு பெண் பதினைந்து ஆண்டு உழைத்துச் சேர்த்திருப்பாள். கடன் அவள் பெயரில் நிற்க, வீடு அவன் பெயரில் நிற்பது எந்த நியாயம்? திருமணத்தைப் பதிவு செய்தல் தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். சீர்வரிசைப் பட்டியலில் இருவீட்டாரும் கையொப்பமிட்டு, ஒரு படியைப் பெண்ணிடம் கொடுத்து வைப்பது செலவில்லாத காரியம்.

ஒரு பகுதி இன்னும் எழுதப்படவில்லை. மணவாழ்வின்போது கணவன் பெயரில் வாங்கிய வீட்டிலும் நிலத்திலும், மணவிலக்கின்போது மனைவிக்குப் பங்கு உண்டு என்று கூறும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஜீவனாம்சம் உண்டு, பாகம் இல்லை. கணவனின் சொத்தில் பங்கு அளிக்க வகை செய்த ஒரு திருத்த மசோதா 2013 ஆகஸ்டில் இராஜ்ய சபையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறாமல் காலாவதியாயிற்று. 2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், மணவிலக்கு வழக்கு அல்லாத ஒரு சொத்து வழக்கில், கணவன் வெளிநாட்டில் ஈட்டிய பணத்தால் வாங்கிய சொத்துகளுள் சிலவற்றில் மனைவிக்குச் சரிபாதி உண்டு என்று தீர்ப்பளித்தது. அவள் வீட்டைப் பேணியிராவிடில் அவன் அப்பொருளை ஈட்டியிருக்க முடியாது என்பது அத்தீர்ப்பின் காரணம்.